செய்யாததைச் செய்ததாக ரெக்கார்டில் எழுதிவிட்டேன், கிழித்துவிடலாமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மெடிக்கல் வார்டு போஸ்டிங்கில் எனக்குக் கொடுத்த நோயாளி, பக்கவாதம் வந்து இடது கை கால் விழுந்துபோன 62 வயதுத் தாத்தா. சாப்பாட்டுக்கு மூக்கில் ரைல்ஸ் டியூப், யூரினுக்குக் கதீட்டர், கூட இருப்பது அவர் மனைவி மட்டும்தான். கேர் பிளானை (நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு என்று எழுதும் திட்டம்) மறுநாளே சப்மிட் பண்ண வேண்டியிருந்ததால் சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிட்டேன். 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பொசிஷன் மாற்றப்பட்டது, தோல் நன்றாக உள்ளது' என்றும் எழுதினேன். உண்மையில் நான் ஒருமுறைகூட மாற்றவில்லை. பத்துக்கு ஒன்பது மார்க் கிடைத்தது. ஐந்தாம் நாள் பாட்டி கூப்பிட்டு, "பாப்பா, முதுகுக்குக் கீழ கருப்பா ஏதோ இருக்கு, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதி வைத்துவிடலாமா? யாரிடமாவது சொல்ல வேண்டுமா? நாற்பது பேருக்கு ஒரு சிஸ்டர் இருக்கிற வார்டில் இந்தக் கேர் பிளானால் யாருக்கு என்ன பயன் மேடம்?
- பெயர் வேண்டாம்

பதில்: உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். (மகள் வயதுப் பெண்ணுக்கு 'நீங்கள்' என்று எழுத வரவில்லை, பொறுத்துக்கொள். மேடமும் வேண்டாம், முப்பது வருஷம் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.) பாட்டி கூப்பிட்டார், போய்ப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். பார்த்த பிறகு வார்டு சிஸ்டரிடம் சொன்னாயா என்று எழுதவில்லை. அடுத்த வரியே ரெக்கார்டுப் பக்கத்துக்குத் தாவிவிட்டது. பயத்தில் மனசு அப்படித்தான் ஓடும், புரிகிறது. ஆனால் இன்னும் சொல்லவில்லை என்றால் இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படி, முதலில் போய்ச் சொல்லிவிட்டு வா. "சிஸ்டர், அந்த ஸ்ட்ரோக் தாத்தாவுக்கு இடுப்புக்குக் கீழே தோல் கருத்திருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க." இவ்வளவு போதும். யார் புரட்டினார்கள், யார் புரட்டவில்லை என்ற கதையெல்லாம் அந்த நிமிஷத்தில் வேண்டாம்.

இப்படி அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது, அது படுக்கைப்புண்ணாக இருக்கலாம். தோல் கிழியாமல் கருநீலமாகவோ அடர்ந்த கருப்பாகவோ ஓர் இடம் தெரிந்தால், மேலே தெரிவதைவிட உள்ளே சேதம் பெரிதாக இருக்கலாம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்குவது சதை, அதிலும் எலும்பை ஒட்டிய சதைதான் முதலில் அடிவாங்கும், தோலுக்கு விஷயம் கடைசியில்தான் வந்து சேரும். இன்றைக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருப்பாக இருப்பது சில நாளில் உள்ளங்கை அளவுக்குத் திறந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே 'இன்னும் புண்ணாகல, கருத்துத்தான் இருக்கு' என்று யாராவது தைரியம் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதே.

இன்னொன்று, படுக்கைப்புண்ணின் முதல் நிலை என்றால் 'சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது' என்று நீ படித்திருப்பாய். அது வெள்ளைத் தோலை மனசில் வைத்து எழுதிய வரி. நம் வார்டில் படுத்திருக்கிற, வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்ற மனிதரின் தோலில் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. கையால்தான் பார்க்க வேண்டும். புறங்கையை அந்த இடத்தில் வை, அப்புறம் நாலு விரல் தள்ளிப் பக்கத்துத் தோலில் வை. சூடு வித்தியாசமாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, இல்லை பழுத்த பழம் மாதிரி சொதசொதவென்று அமுங்குகிறதா, தொட்டால் தாத்தா முகம் சுளிக்கிறாரா. அவருக்கு இடது பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதையும் மறக்காதே, அவர் வலிக்கவில்லை என்று சொல்வதால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

செய்யக்கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன், வார்டில் யாராவது நிச்சயம் யோசனை சொல்வார்கள். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையத்தை இடுப்புக்கு அடியில் வைக்காதே, அது சுற்றுவட்டத்தை அழுத்தி நடுவுக்கு ரத்தம் போவதையே குறைக்கும். கருத்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது. எங்கள் காலத்தில் ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்துப் பவுடர் போடுவதுதான் 'பேக் கேர்', அதைப் பிராக்டிகல் பரீட்சையில் அழகாகச் செய்து காட்டி மார்க் வாங்கியவள்தான் நானும். அது தப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. உள்ளே நசுங்கிய சதையை மேலிருந்து இன்னும் நசுக்குகிற வேலை அது.

சரி, ரெக்கார்டுக்கு வருவோம். கிழிக்காதே.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள். அந்த வரி உன் கல்லூரி ரெக்கார்டு நோட்டில் மட்டும் இருக்கிறதா, இல்லை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் நர்ஸஸ் நோட்டிலும் ஏறியிருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. கேஸ் ஷீட் அந்தத் தாத்தாவுடையது, அடுத்த ஷிஃப்ட்டில் வருகிற சிஸ்டரும் டாக்டரும் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்கள். அதில் ஏறியிருந்தால் நீயாக எதையும் தொடாதே, டியூட்டரையும் வார்டு இன்சார்ஜையும் வைத்துக்கொண்டு சொல். திருத்துவதற்கு முறை இருக்கிறது: தவறான வரியின் மேல் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கும்படியாகவே இருக்க வேண்டும், பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. விட்டுப்போனதைச் சேர்ப்பதானால் எழுதுகிற நேரத்தையே போட்டு, தாமதமாக எழுதுவதாகக் குறிப்பிட்டு எழுத வேண்டும். ஒயிட்னரோ கிழித்து ஒட்டுவதோ பேனாவால் கிறுக்கி மறைப்பதோ எதுவுமே கூடாது. ஒரு பொய்யைக்கூட 'கவனக்குறைவு' என்று யாராவது மன்னிப்பார்கள். காணாமல் போன பக்கத்தைப் பார்த்தால் மற்ற எல்லாப் பக்கத்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

கல்லூரி ரெக்கார்டில் மட்டும்தான் என்றால் ஆபத்து குறைவு, வெட்கம்தான் அதிகம். அதையும் டியூட்டரிடம் கொண்டுபோய்ச் சொல். "நான் செய்யாததைச் செய்ததாக எழுதிவிட்டேன் மேடம், இன்றைய தேதி போட்டுப் புதிதாக ஒரு பிளான் எழுதட்டுமா, பழையது அப்படியே இருக்கட்டும்" என்று கேள். திட்டுவார்கள். மார்க் போகும். அந்த ஒன்பது மார்க் போட்டவர் தாத்தாவின் படுக்கைப் பக்கம் வந்து போர்வையை விலக்கிப் பார்த்திருந்தால் உனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலையே வந்திருக்காது என்பதும் உண்மைதான், ஆனால் அதை நீ அவரிடம் சொல்ல முடியாது, நான்தான் சொல்ல முடியும். சொல்லும் யோக்கியதை எனக்கும் முழுசாக இல்லை. டியூட்டராக இருந்த வருஷங்களில் சாயங்காலம் நாற்பது ரெக்கார்டு நோட்டை மேஜையில் அடுக்கி வைத்துக்கொண்டு, கையெழுத்து அழகாக இருக்கிறதா, மார்ஜின் போட்டிருக்கிறதா, டயக்ராமில் கலர் அடித்திருக்கிறதா என்று பார்த்து சைன் போட்டவள்தான் நானும்.

நீ எழுதிய அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பார். 'பொசிஷன் மாற்றப்பட்டது.' யார் மாற்றியது? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. 'நான் மாற்றினேன்' என்று எழுத வேண்டியிருந்தால் உனக்குக் கை கூசியிருக்கும். அப்புறம், 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை' என்று எழுதினால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. உன் போஸ்டிங் காலை எட்டிலிருந்து மதியம் வரைக்கும்தானே இருக்கும்? நீ நூறு சதவீதம் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று மூன்று தடவை புரட்டியிருக்கலாம். மீதி ஒன்பதை நீ எப்படிச் சான்று கொடுத்தாய்? இதை உன் டியூட்டர் கேட்கவில்லை, சீனியரின் டியூட்டரும் கேட்கவில்லை, அந்த சீனியர் எந்த சீனியரிடமிருந்து காப்பி அடித்தாளோ அங்கேயும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்து வருஷமாக அந்த ஒரே வரி ஒரு நோயாளியையும் புரட்டாமல் நோட்டிலிருந்து நோட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

என் கதையும் ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். இரண்டாம் வருஷத்தில் டி.பி.ஆர். சார்ட் போடும் வேலை எனக்கு. டெம்பரேச்சர் எடுப்பேன், பல்ஸ் பார்ப்பேன், மூச்சை மட்டும் எண்ண மாட்டேன். வரிசையாக 20, 20, 18, 20 என்று போட்டுக்கொண்டே போய்விடுவேன். ஒரு நிமிஷம் முழுசாக நின்று ஒருவரின் மார்பைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? ஒருநாள் வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் முன்னால் நிறுத்தி, தன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, எண்ணு என்றார். 36. நான் போட்டிருந்தது 20. அந்த மனிதருக்கு நிமோனியா முற்றிக்கொண்டிருந்தது, அன்றைக்கே ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்த, நோயாளியின் நிலை மோசமாவதைக் காட்டும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு எண்ணிக்கை 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் அதிகபட்ச மதிப்பெண்ணான 3 விழும். அந்த அளவுக்கு முக்கியமான எண், நான் கற்பனையில் போட்டுக்கொண்டிருந்த எண். இதெல்லாம் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. பொய் எழுதுவது கெட்ட பெண்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை, அவசரத்தில் இருக்கிற நல்ல பெண்கள்தான் அதிகம் செய்கிறார்கள், அதற்காகச் சொன்னேன்.

நாற்பது பேருக்கு ஒரு சிஸ்டர் இருக்கிற வார்டில் கேர் பிளானால் யாருக்குப் பயன் என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி, கோபமாகக் கேட்டிருந்தாலும் நியாயமான கேள்வி. பயிற்சி மருத்துவமனைகளில் பொது வார்டுக்கு மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது, ஏடு அங்கே இருக்கிறது, வார்டு இங்கே இருக்கிறது. அந்த ஒரு சிஸ்டர் உன் பிளானைப் படிக்க மாட்டார். அவருக்கு மருந்து போட்டு முடிக்கவே நேரம் பத்தாது. ஆனால் தாத்தாவின் பக்கத்திலேயே இருபத்துநாலு மணி நேரமும் ஒருவர் இருக்கிறார், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறார், அந்தக் கருப்பை முதலில் பார்த்ததும் அவர்தான். உன் கேர் பிளானில் பாட்டி எங்கே? சீனியரின் நோட்டில் இருந்த நோயாளிக்குப் பாட்டி இருந்திருக்க மாட்டார், அதனால் உன் பிளானிலும் இல்லை.

1973-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் நர்ஸ்கள் கூடி நர்சிங் டயக்னோசிஸ்களுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். நோக்கம் நல்லதுதான், டாக்டர் 'ஸ்ட்ரோக்' என்று எழுதட்டும், அதனால் இந்த மனிதருக்கு என்னென்ன முடியாமல் போயிற்று என்பதை நர்ஸ் எழுத வேண்டும் என்பதுதான். நம்மிடம் வந்து அது வாய்ப்பாடாகிவிட்டது. ஸ்ட்ரோக் என்றால் இந்த ஐந்து டயக்னோசிஸ், சர்க்கரை என்றால் அந்த ஐந்து.

நோட்டைத் திறக்காமல் நாளைக்கு வார்டுக்குப் போ. தாத்தாவைப் பார். பிரேடன் ஸ்கேல் படித்திருப்பாயே, 1987-இல் வந்தது, ஆறு விஷயம், மொத்தம் 23, பதினெட்டோ அதற்குக் கீழோ போனால் புண் வரும் அபாயம். நீ எழுதியதை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உணர்ச்சி 3, ஈரம் 3 (கதீட்டர் இருக்கிறது, ஆனால் மலம் படுக்கையில்தான்), நடமாட்டம் 1, தானாக அசைவது 2, சாப்பாடு 2, இழுபடுவதும் உராய்வதும் 1. மொத்தம் 12. இது அதிக அபாயம். முதல் நாளே இதைப் போட்டிருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அந்த 12 என்ற எண் உன்னைத் தூங்கவிட்டிருக்காது. என் எண்ணை அப்படியே எழுதிவிடாதே, தாயே, அதுவும் காப்பிதான். நீ பார்த்துப் போடு.

அப்புறம் நேரம். பாட்டியிடம் 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை' என்று சொன்னால் மறந்துவிடுவார், அவர் கடிகாரம் பார்த்து வாழ்கிறவராக இருக்க மாட்டார். ஆனால் டியூபில் கஞ்சியோ பாலோ எத்தனை மணிக்கு ஊற்ற வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பெரும்பாலான வார்டுகளில் அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான். அதோடு இதையும் முடிச்சுப் போட்டுவிடு: முதலில் புரட்டு, அப்புறம் தலைப்பக்கத்தை உயர்த்து, அப்புறம் ஊற்று. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத்தான் எந்த சீனியர் நோட்டிலும் நான் பார்த்ததில்லை. டியூபில் ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆனால் நாள் முழுக்க அப்படியே உயர்த்தி வைத்திருந்தால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரியும், தோல் மெத்தையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், எலும்பு மட்டும் நகரும், இடுப்புக்குக் கீழே சதை உள்ளுக்குள் கிழியும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல். ஆகவே ஊற்றி முடித்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை உயர்த்தி வைத்திருந்துவிட்டு, மூச்சுத் திணறல் இல்லை என்றால் 30 டிகிரிக்குள் இறக்கிவிடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டுச் செய். இப்படி ஒரு முடிவை எழுதுவதற்குப் பெயர்தான் கேர் பிளான்.

புரட்டும்போது இடது கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும், பாட்டிக்கு இதை முதலிலேயே சொல்லிவிடு. பழைய பருத்திச் சேலை ஒன்றை நான்காக மடித்து தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற மாதிரி அடியில் போட்டுக்கொண்டால், இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து உடம்பு மெத்தையில் உரசாமல் தூக்கி நகர்த்தலாம். முழுக்கப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டாம், இடுப்பெலும்பு குத்தும், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து லேசாகச் சாய்த்தால் போதும். கருத்த இடம் எந்தப் பொசிஷனிலும் மெத்தையில் படக்கூடாது.

இதையெல்லாம் செய்த பிறகு எழுது. இலக்கு என்ற கட்டத்தில் 'நோயாளியின் நிலை மேம்படும்' என்று எழுதாதே, அதற்கு ஜோசியம் என்று பெயர். 'வெள்ளிக்கிழமைக்குள் மனைவி, இன்னொரு ஆள் துணையோடு, கணவரை வலப்பக்கம் சாய்த்துத் தலையணை வைத்து எனக்குச் செய்து காட்டுவார்' என்று எழுது. வெள்ளிக்கிழமை அவர் செய்து காட்டினாரா இல்லையா என்பது மதிப்பீடு. செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று எழுது. எனக்குத் தெரிந்து நல்ல டியூட்டர் அந்த 'செய்யவில்லை'க்குத்தான் மார்க் போடுவார்.

பாட்டியிடம் என்ன சொல்வது என்று நீ கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். அவர் இந்நேரம் 'நான்தான் சரியாப் பாத்துக்கலயோ' என்று தன்னையே நொந்துகொண்டிருப்பார், நம் ஊர்ப் பெண்கள் அப்படித்தான். வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, அவர் அனுமதியோடு, "இதை நாங்கதான் முன்னாடியே பாத்திருக்கணும் பாட்டி, நீங்க சொன்னதாலதான் இப்பவாவது தெரிஞ்சுது" என்று சொல். வேறு யார் பெயரையும் இழுக்க வேண்டாம், உன் மார்க் கதையும் அவருக்கு வேண்டாம். அந்த இரண்டு வரியும் அவருக்குச் சேர வேண்டியவை.

நாளைக்குப் போனதும் தாத்தாவின் இடது குதிகாலைப் பார். போர்வைக்கு அடியில் இருக்கும், அசைக்க முடியாத கால், இத்தனை நாள் ஒரே இடத்தில். காதுமடலுக்குப் பின்னால், டியூப் பிளாஸ்டர் ஒட்டிய மூக்கு நுனியில், தொடைக்கு அடியில் கதீட்டர் போகிற பாதையிலும் பார்த்துவிடு. குதிகால் சூடாகவோ சொதசொதவென்றோ இருந்தால் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வை, குதிகால் காற்றில் நிற்க வேண்டும். பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள். எட்டு மணி பத்து நிமிஷம் என்றால் எட்டு பத்து என்றே எழுது.